வாங்கியவர்

முன்னூறு பிரதி அச்சடித்தேன்,
சீட்டுப் பணத்தில் பாதி, ஓவர்டைம் காசில் மீதி.
தொண்ணூற்றாறு போனது.
எல்லாம் தெரிந்த முகங்கள்.
ஷிஃப்ட் சூப்பர்வைசர் இரண்டு வாங்கினார்,
ஒன்றின் மேல் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டார்.
சித்தப்பா காசு மட்டும் கொடுத்தார்.
இணையத்திலும் போட்டுப் பார்த்தேன்:
மச்சான் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்,
பார்சலை இன்னும் பிரிக்கவில்லை.
மிச்சம் கட்டிலுக்கடியில்
மாம்பழ அட்டைப்பெட்டிகளில் கிடந்தது.
காம்பு வாசனை ஏறிய சிறுகதைகள்.

பழையபேட்டைக்குப் போகிற வழியில்
விதைக்கடைக்கும் செராக்ஸுக்கும் நடுவே
ஒரு ஷட்டர் அகலம் முபீனாவின் கடை.
முன்னால் பத்தாம் வகுப்பு கைடு, குரூப் ஃபோர், நீட்.
வாடகையை அவை கட்டுகின்றன.
உள்ளே, டியூப்லைட் சிணுங்கும் மூலையில் ஒரு தட்டு.
அதில் முதல் புத்தகங்கள்
முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நிற்கும்.

"அஞ்சு வச்சிட்டுப் போங்க.
நூத்துக்கு முப்பத்தஞ்சு என்னுது.
மாசத்துல முதல் திங்கள் கணக்கு."
பின்னட்டையைத் திருப்பினாள்.
"போட்டோ சின்னதா இருக்கு. நல்லதுதான்."

முதல் திங்கள் ஐந்தும் இருந்தது.
அடுத்த திங்களும் ஐந்தும் இருந்தது,
ஒன்று மட்டும் தலைகீழாக.
யாரோ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு மாங்காய் சீசன்.
பெங்களூரா லாரிகள் கேட்டுக்கு வெளியே
ஒரு கிலோமீட்டர் நிற்க
விடிய விடிய எடைமேடையில் நான்.
எந்தத் திங்கள் எப்போது போனதென்று தெரியாது.
மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போனபோது
ஆடி பிறந்திருந்தது.

முபீனா நோட்டைத் திறந்தாள்.
யாரிடமும் பேர் கேட்பதில்லை அவள்,
கண்ணில் பட்டதை எழுதிக்கொள்கிறாள்.
"பதினாலாம் தேதி. ஒரு பிரதி.
வாங்கியவர்: தக்காளி வண்டி, ராயக்கோட்டை.
நின்றபடியே முப்பது பக்கம்."

நோட்டுக்குள் ஒரு சீட்டு செருகியிருந்தது.
மறு வாரம் அந்த ஆளே வந்து கொடுத்தாராம்.
மண்டி ரசீதின் பின்பக்கம், நீல மை,
எழுத்துகள் மேடு ஏறுகிற மாதிரி சாய்ந்து:

"மூணாவது கதை.
லோடு எடைக்கு டிரைவர் வண்டியிலயே உக்காந்திருக்கான்.
காலி எடைக்குக் கீழ இறங்கி நின்னு பீடி பத்த வைக்கிறான்.
அப்ப அவன் எழுபது கிலோவும் மாங்காய் ஆயிடுச்சு.
கிளார்க் பாத்துட்டுத்தான் விட்டானா?
கதை அங்கதாங்க இருக்குது.
நீங்க பீடிப் புகையைப் பத்தி எழுதிட்டுத் தாண்டிட்டீங்க."

பதினோரு வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால்
உட்கார்ந்திருப்பவள் நான்.
யார் இறங்குவார், யார் இறங்க மாட்டார்,
எந்த எழுபது கிலோவில் பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
தெரிந்ததால்தான் புகையைப் பற்றி எழுதினேன்.
தொண்ணூற்றாறு பேர் 'சூப்பர்' என்றார்கள்.
ஒருவர்கூட பீடி அணைந்த பிறகு
அங்கே நின்று பார்க்கவில்லை.

"ஆள் எப்படி இருந்தாரு?"
"நோட்டுல இருக்கறதுதான்."

நூற்று நான்கு ரூபாயை எண்ணி வைத்தாள்.
மழை விடட்டும் என்று
அந்த மூலைத் தட்டின் பக்கம் நகர்ந்தேன்.
என் புத்தகத்தை ஒட்டி இன்னொன்று, மெலிந்த கவிதைப் புத்தகம்.
தளி பக்கம் ஏதோ ஊர். போட்டோவே இல்லை.
நாலாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை,
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி.
அந்த வரியைத் தாண்ட முடியாமல்
திரும்ப அதையே படித்தேன்.
மழை விட்டதை முபீனாதான் சொன்னாள்.

விலை நூற்றிருபது.
அவள் கொடுத்ததோடு பதினாறைச் சேர்த்து
அவளிடமே நீட்டினேன்.
சிரிக்கவில்லை. நோட்டை இழுத்தாள்.
எட்டிப் பார்த்தேன்.
'வாங்கியவர்' வரைக்கும் தெரிந்தது.
அதற்குமேல்
இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.